எலும்பு, தசை, நரம்பு: நம் உடம்பு அசைவது எப்படி?

இந்தப் புத்தகத்தை ஒரு கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மறு கையால் ஒரு பக்கத்தைப் புரட்டுங்கள்.

புரட்டிவிட்டீர்களா? எவ்வளவு நேரம் ஆனது? ஒரு நொடிதான் ஆகியிருக்கும்.

அந்த ஒரு நொடியில் உங்கள் உடம்பு பல வேலைகளைச் செய்தது. கண் தாளின் ஓரத்தைப் பார்த்தது. மூளை கைக்கு உத்தரவு போட்டது. முன்கையில் உள்ள தசை இழுத்தது. விரல் மடங்கியது. விரல் நுனி தாளைத் தொட்டு உணர்ந்தது. அழுத்திப் பிடித்தால் தாள் கசங்கும். மெதுவாகப் பிடித்தால் நழுவும். இரண்டும் நடக்காமல் பக்கம் புரண்டது.

நாம் தினமும் நடக்கிறோம். குனிகிறோம். தண்ணீர் இறைக்கிறோம். மண் வெட்டுகிறோம். குழந்தையைத் தூக்குகிறோம். இவை எப்படி நடக்கின்றன என்று நாம் யோசிப்பதில்லை.

உழைக்கும் மனிதருக்கு முதல் கருவி உடம்புதான். மண்வெட்டி மழுங்கினால் பட்டறைக்குக் கொண்டு போகலாம். சைக்கிள் செயின் அறுந்தால் வேறு செயின் மாட்டலாம். முதுகு போனால் வேறு முதுகு கிடைக்காது. அதனால் இந்தக் கருவியைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. எலும்பும் மூட்டும்

வீட்டுக்கு உத்தரமும் தூணும் இருக்கின்றன. நம் உடம்புக்கு எலும்புகள் இருக்கின்றன. வளர்ந்த மனிதரின் உடம்பில் 206 எலும்புகள் உண்டு. ஒரு கையில் மணிக்கட்டு முதல் விரல் நுனி வரை 27 எலும்புகள். ஒரு பாதத்தில் 26 எலும்புகள்.

எலும்பு வளையாது. ஆனால் நாம் வளைகிறோம். எப்படி? எலும்பும் எலும்பும் சேரும் இடம் மூட்டு. மூட்டில்தான் அசைவு நடக்கிறது.

எல்லா மூட்டும் ஒன்று போல் இல்லை. முழங்கால் கதவுக் கீல் போன்றது. முன்னும் பின்னும்தான் மடங்கும். தோள்மூட்டு வேறு விதம். ஒரு கிண்ணத்தில் பந்தை வைத்தது போல் அது இருக்கிறது. அதனால் கையை மேலே தூக்கலாம். பின்னால் கொண்டு போகலாம். சுழற்றவும் செய்யலாம். கணுக்காலும் பாதமும் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி சாய்ந்து கொடுக்கும்.

பாதம் சாய்ந்து கொடுப்பது எவ்வளவு முக்கியம்? இதற்கு ராஜஸ்தானில் நடந்த ஒரு கதை உண்டு.

விபத்தில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்துவார்கள். முன்பு கிடைத்த செயற்கைப் பாதம் விறைப்பாக இருந்தது. அதன்மேல் ஷூ போட வேண்டும். அதை வைத்துக்கொண்டு குத்தவைத்து உட்கார முடியாது. சம்மணம் போட முடியாது. சேற்று வயலில் இறங்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அது சரி. நம் நாட்டு விவசாயிக்கு அது உதவவில்லை. பலர் அதைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு ஊன்றுகோலோடு நடந்தார்கள்.

ஜெய்ப்பூரில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞர் இருந்தார். அவருக்குப் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. ஆனால் கைத்திறன் இருந்தது. அங்கே ஒரு மருத்துவமனையில் டாக்டர் பி. கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவர் வேலை செய்தார். மருத்துவருக்கு உடம்பின் கணக்கு தெரியும். கைவினைஞருக்கு மரமும் ரப்பரும் தெரியும். இருவரும் மற்றவர்களும் சேர்ந்து 1968ஆம் ஆண்டு ஒரு புதுப் பாதத்தை உருவாக்கினார்கள். அது ரப்பராலும் மரத்தாலும் ஆனது. பார்க்க நம் பாதம் போலவே இருந்தது. எல்லாப் பக்கமும் கொஞ்சம் வளைந்து கொடுத்தது. வெறுங்காலோடு நடக்கலாம். குத்தவைக்கலாம். வயலில் இறங்கலாம்.

இதற்கு 'ஜெய்ப்பூர் கால்' என்று பெயர். 1981ஆம் ஆண்டு டாக்டர் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. இந்தியாவிலும் வேறு பல நாடுகளிலும் ஏராளமானவர்கள் இந்தக் காலோடு நடக்கிறார்கள்.

படித்தவர் அறிவும் உழைப்பவர் அறிவும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

2. தசை இழுக்கும், தள்ளாது

எலும்பு தானாக அசையாது. அதை அசைப்பது தசை. நம் உடம்பில் 600க்கும் மேற்பட்ட தசைகள் உள்ளன.

செய்து பாருங்கள்: இடது கையால் வலது மேற்கையின் முன்பக்கத்தைப் பிடியுங்கள். வலது கையை மெதுவாக மடக்குங்கள். உள்ளே ஒன்று திரண்டு வருகிறது அல்லவா? அதுதான் தசை. அது சுருங்கி முன்கையை இழுக்கிறது.

தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும். தள்ளத் தெரியாது. அப்படியானால் மடக்கிய கை எப்படி நீளும்? மேற்கையின் பின்பக்கத்தில் வேறொரு தசை இருக்கிறது. அது சுருங்கினால் கை நீளும். அப்போது முன்பக்கத் தசை தளர்ந்து கொடுக்கும். கிணற்றுக் கயிற்றில் ஒரு பக்கம் வாளி இறங்கினால் மறு பக்கம் கயிறு ஏறும். இந்தத் தசைகளும் அப்படித்தான். ஒன்று இறுகும்போது மற்றது தளர்கிறது.

விரலை மடக்கும் பெரிய தசைகள் எங்கே இருக்கின்றன? விரலில் இல்லை. முன்கையில் இருக்கின்றன.

செய்து பாருங்கள்: ஒரு முன்கையை மறு கையால் சுற்றிப் பிடியுங்கள். பிடித்த கையின் விரல்களை ஆட்டுங்கள். முன்கைக்குள் தசை ஓடுவது தெரியும்.

தசையின் முனையில் வலுவான நார் இருக்கிறது. அதற்குத் தசைநாண் என்று பெயர். அது மணிக்கட்டு வழியாகப் போய் விரல் எலும்பில் கட்டப்பட்டிருக்கிறது. பொம்மலாட்டக்காரர் மேலே நூலை இழுப்பார். கீழே பொம்மை கையை ஆட்டும். நம் விரல்களும் அப்படித்தான் ஆடுகின்றன. இதை நினைவில் வையுங்கள். பிறகு ஒரு இடத்தில் இது உதவும்.

3. நரம்பு என்னும் தந்திக் கம்பி

இழு என்று தசைக்கு யார் சொல்வது? மூளை சொல்கிறது. மூளையின் உத்தரவு நரம்பு வழியாகப் போகிறது.

மண்டை ஓட்டுக்குள் மூளை இருக்கிறது. அதிலிருந்து முதுகெலும்புக்குள் ஒரு தடித்த வடம் இறங்குகிறது. அதுதான் தண்டுவடம். தண்டுவடத்திலிருந்து நரம்புகள் பிரிந்து கை, கால் எல்லாவற்றுக்கும் போகின்றன.

நரம்பில் இரண்டு வகைச் செய்தி போகிறது. ஒன்று, மேலிருந்து கீழே வரும் உத்தரவு: 'மடக்கு', 'நீட்டு'. மற்றது, கீழிருந்து மேலே போகும் தகவல்: 'சுடுகிறது', 'குளிர்கிறது', 'முள் குத்துகிறது'.

மிக வேகமான நரம்பில் செய்தி ஒரு நொடியில் சுமார் 100 மீட்டர் தூரம் ஓடும். வலியைச் சுமக்கும் சில நரம்புகள் மிக மெதுவானவை. அவற்றில் ஒரு நொடிக்குச் சுமார் 1 மீட்டர்தான். காலில் கல் தடுக்கும்போது இதைக் கவனித்திருப்பீர்கள். இடித்தது உடனே தெரியும். கடுத்து வரும் வலி கொஞ்சம் கழித்து வரும்.

சூடான பாத்திரத்தில் தெரியாமல் கை படுகிறது. கை படக்கென்று பின்னால் வந்துவிடுகிறது. பிறகுதான் 'ஐயோ, சுடுகிறதே' என்று நமக்குத் தெரிகிறது. இது ஏன்? அவசரச் செய்திக்கு மூளை வரை போய்வர நேரம் இல்லை. தண்டுவடமே 'கையை எடு' என்று உத்தரவு போட்டுவிடுகிறது. மூளைக்குத் தகவல் பிறகு போகிறது. ஊரில் தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் தண்ணீர் ஊற்றுவார். பிறகுதான் தலைவருக்குச் சொல்லி அனுப்புவார். அது போலத்தான் இதுவும்.

4. விழாமல் நிற்பது எப்படி?

தலையில் குடம். இடுப்பில் இன்னொரு குடம். ஒற்றையடிப் பாதையில் ஒரு பெண் நடந்து வருகிறார். தலைக்குடத்தை அவர் பிடிக்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. இது எப்படி முடிகிறது?

மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் வருகிறது. கண் பாதையைப் பார்த்துச் சொல்கிறது. காதின் உட்புறம் தலை சாய்கிறதா என்று சொல்கிறது. தசையும் மூட்டும் பாதமும் உடம்பு எப்படி நிற்கிறது என்று சொல்கின்றன. மூன்றையும் சேர்த்துப் பார்த்து மூளை உத்தரவு போடுகிறது. கழுத்து, முதுகு, இடுப்பு, கால் எல்லாம் விடாமல் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கின்றன.

செய்து பாருங்கள்: சுவருக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நில்லுங்கள். இப்போது கண்ணை மூடுங்கள். உடம்பு ஆடுகிறதா? மூன்று தகவலில் ஒன்று நின்றுவிட்டது. அதனால்தான் ஆடுகிறது. வயதானவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

வயதானவர்களுக்குக் கண் மங்கும். காதின் உட்பகுதி தளரும். தசை வலு குறையும். அதனால் இருட்டில் எளிதாக விழுந்துவிடுவார்கள். அவர்கள் நடக்கும் வழியில் ஒரு விளக்கு வையுங்கள். வாசற்படியில் பிடித்துக்கொள்ள ஒரு கட்டை அடியுங்கள். இந்தச் சிறிய வேலை ஒரு இடுப்பு எலும்பைக் காப்பாற்றும்.

5. வலி ஒரு காவல்காரன்

வலியை யாரும் விரும்புவதில்லை. 'கடவுளே, இந்த வலி இல்லாமல் இருக்கக் கூடாதா?' என்று கேட்கிறோம். ஆனால் வலியே இல்லாத மனிதர் படும் பாடு பெரிது.

தொழுநோயைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாக அழுகி விழும் என்று பலர் நம்பினார்கள். அது சாபம் என்றார்கள். பாவத்தின் பலன் என்றார்கள். நோயாளியை ஊரைவிட்டுத் துரத்தினார்கள்.

இவை எதுவும் உண்மை இல்லை. தொழுநோய் ஒரு கிருமியால் வருகிறது. 1873ஆம் ஆண்டு நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். அது பெற்றோரிடமிருந்து பிறவியிலேயே வரும் நோய் அல்ல.

பிறகு விரல்கள் ஏன் குறைந்து போகின்றன? இந்தக் கேள்விக்கு வேலூரில் விடை தேடினார் டாக்டர் பால் பிராண்ட். அவர் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்த ஆங்கிலேயர். 1946ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். அவரும் உடன் இருந்தவர்களும் கண்ட உண்மை இதுதான்: கிருமி நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் வலி தெரியாது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது. காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. புண் வந்த காலிலேயே நடப்பார்கள். புண் பெரிதாகும். சீழ் பிடிக்கும். எலும்பு வரை போகும். இப்படித்தான் விரல்கள் குறைகின்றன.

சில நோயாளிகளின் விரலில் இரவில் புதுக் காயம் உண்டானது. காரணம் முதலில் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. தூங்கும்போது எலி கடித்திருக்கிறது. கடித்தது அவர்களுக்குத் தெரியவே இல்லை. அதன் பிறகு நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்தார்கள்.

நமக்கு வலி ஒரு காவல்காரன். அவன் சத்தம் போடுவது பிடிக்காது. ஆனால் அவன் தூங்கிவிட்டால் திருடன் உள்ளே வந்துவிடுவான்.

நரம்பு கெட்டால் இன்னொரு கேடும் வரும். உத்தரவு தசைக்குப் போகாது. கையின் சிறு தசைகள் செயல் இழக்கும். விரல்கள் மடங்கி நகம் போல் ஆகிவிடும். அந்தக் கையால் சோறு பிசைய முடியாது. பேனா பிடிக்க முடியாது.

இங்கேதான் பொம்மலாட்ட நூல் உதவியது. முன்கையில் நல்ல நரம்பும் நல்ல தசையும் மிச்சம் இருந்தன. டாக்டர் பிராண்ட் அந்த நல்ல தசையின் நாணை எடுத்தார். செயல் இழந்த விரலோடு அதைச் சேர்த்துத் தைத்தார். நூலை இடம் மாற்றிக் கட்டியது போன்ற வேலை இது. பிறகு நோயாளிகள் பல வாரம் பயிற்சி செய்தார்கள். பழைய தசைக்குப் புது வேலை. மூளை அதைக் கற்றுக்கொண்டது. விரல் மீண்டும் விரிந்தது. 1940களின் இறுதியில் தொடங்கிய இந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

இன்று தொழுநோயைக் குணப்படுத்த முடியும். கூட்டு மருந்தை 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். அரசு அதை இலவசமாகக் கொடுக்கிறது. முதல் மருந்து வேளையிலிருந்தே மற்றவருக்குப் பரவும் ஆபத்து மிகவும் குறைந்துவிடும். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்று சொல்லி விவாகரத்து கேட்க முன்பு சட்டம் இடம் கொடுத்தது. 2019ஆம் ஆண்டு நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது.

தோலில் வெளிறிய தேமல் அல்லது சிவந்த தேமல் இருக்கிறதா? தொட்டால் அந்த இடத்தில் உணர்ச்சி இல்லையா? வெட்கப்பட வேண்டாம். மறைக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நரம்பு கெடும் முன் மருந்து சாப்பிட்டால் கையும் காலும் தப்பும்.

6. பழகினால் கை கேட்கும்

நாற்பது வயதில் முதன்முதலாகச் சாக்பீஸ் பிடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'அ' எழுதுவதற்குள் தோள் வலித்தது என்பார்கள். சிலேட்டில் கோடு ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். மண்வெட்டியை அலட்சியமாகச் சுழற்றும் கை ஒரு சாக்பீஸுக்கு வியர்க்கும்.

இது அறிவுக் குறைவு அல்ல. புது வேலை வந்தால் மூளைக்கு எந்தத் தசையை எவ்வளவு இழுப்பது என்று தெரியாது. அதனால் எல்லாத் தசையையும் ஒரே நேரத்தில் இறுக்குகிறது. விரல் போதும் என்ற இடத்தில் தோளும் உழைக்கிறது. திரும்பத் திரும்ப எழுதும்போது மூளை தவறைத் திருத்துகிறது. தேவையற்ற தசைகளைத் தளர்த்துகிறது. மூளையின் பின்புறம் சிறுமூளை என்ற பகுதி இருக்கிறது. இந்தத் திருத்தும் வேலையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு மாதம் கழித்து அதே கை ஒரு பக்கம் முழுவதும் எழுதும்.

சைக்கிளும் அப்படித்தான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அவர்களில் விவசாயக் கூலிகள் இருந்தார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்களும் இருந்தார்கள். முதல் நாள் விழுந்தார்கள். முழங்காலில் சிராய்ப்பு வந்தது. சில நாளில் உடம்பு சமநிலையைப் பிடித்துக்கொண்டது. சைக்கிள் ஓட்டக் கற்ற உடம்பு அதை எளிதில் மறக்காது.

'வயது ஆகிவிட்டது, இனி என்ன கற்பது?' என்று சிலர் சொல்வார்கள். சிறு வயதில் சீக்கிரம் வரும். வயதானால் கொஞ்சம் மெதுவாக வரும். ஆனால் வரும். தினமும் கொஞ்ச நேரம் பழகுங்கள். இரவில் நன்றாகத் தூங்குங்கள். பகலில் பழகியது தூக்கத்தில் பதியும்.

7. முதுகின் கணக்கு

ஒரு நெல் மண்டி. லாரியில் மூட்டை ஏற்றும் வேலை நடக்கிறது. ஓர் இளைஞர் வேகமாக வருகிறார்.

"அண்ணே, தள்ளுங்க. இந்த மூட்டைய நான் ஒருத்தனே தூக்கிடுவேன்."

"தூக்குவடா தம்பி. இன்னிக்குத் தூக்குவ. நாளைக்கும் தூக்கணுமே?"

"எனக்கு இருபது வயசுண்ணே. முதுகு இரும்பு மாதிரி இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஒரு நாள் காலை மடக்காம குனிஞ்சு தூக்கினேன். தூக்கின கையோட இடுப்பத் திருப்பினேன். சுளீர்னுச்சு. இடுப்புல பிடிச்ச வலி பாதம் வரைக்கும் இறங்குச்சு. மூணு மாசம் வேலைக்கு வரல. வீட்டுல பித்தளைக் குடம் வரைக்கும் அடகுக்குப் போச்சு."

"அப்ப எப்படித்தான் தூக்குறது?"

"மூட்டைய ஒட்டி நில்லு. காலை அகட்டி வை. முழங்காலை மடக்கு. மூட்டைய நெஞ்சோட அணைச்சுக்க. தொடையால எந்திரி. திரும்பணும்னா காலை எடுத்து வச்சுத் திரும்பு. இடுப்ப மட்டும் முறுக்காத."

பெரியவர் சொன்னது சரியா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பாறையைப் புரட்டக் கடப்பாரையைப் பயன்படுத்துகிறோம். நாம் பிடிக்கும் இடம் தூரமாக இருந்தால் வேலை சுலபம். கிட்டே பிடித்தால் கஷ்டம். முதுகுத் தசையின் நிலை கிட்டே பிடித்தவர் நிலைதான். முதுகெலும்பிலிருந்து அது சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்து இழுக்கிறது. பாரமோ தூரத்தில் இருக்கிறது.

20 கிலோ பாரம் முதுகெலும்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கட்டும்.
20 x 50 = 1000
1000 ÷ 5 = 200
முதுகுத் தசை 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும்.

அதே 20 கிலோ பாரத்தை உடம்போடு ஒட்டி 25 சென்டிமீட்டரில் வைப்போம்.
20 x 25 = 500
500 ÷ 5 = 100
இப்போது 100 கிலோ அளவு போதும்.

பாரம் மாறவில்லை. தூரம் பாதியானது. முதுகின் உழைப்பும் பாதியானது. இது பாரத்துக்கான கணக்கு மட்டும். குனியும்போது தலை, கை, மார்பு ஆகியவற்றின் எடையையும் முதுகு தாங்க வேண்டும்.

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. சிறு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் நடுவே மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. அவற்றை டிஸ்க் என்கிறோம். தசை இழுக்கும் இழுப்பு முழுவதும் டிஸ்க்கின்மேல் விழுகிறது. பாரத்தோடு இடுப்பை முறுக்கினால் டிஸ்க் பிதுங்கலாம். பிதுங்கிய டிஸ்க் பக்கத்தில் உள்ள நரம்பை அழுத்தும். அந்த நரம்பு காலுக்குப் போகும் நரம்பு. அதனால்தான் இடுப்பில் அடிபட்டவருக்குப் பாதம் வரை வலிக்கிறது.

8. சுமைக்கும் அளவு உண்டு

சரியாகத் தூக்கினால் மட்டும் போதுமா? போதாது. சுமையே அளவுக்கு மீறி இருந்தால் எந்த முறையும் காப்பாற்றாது.

1967ஆம் ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் ஒரு பரிந்துரை செய்தது. ஓர் ஆண் தொழிலாளி சுமக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது. பெண்களுக்கும் இளம் தொழிலாளர்களுக்கும் அதைவிட நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் இதைப் பற்றிப் பேசியது. காயம் உண்டாக்கும் அளவுக்குப் பாரம் தூக்க யாரையும் வைக்கக் கூடாது என்று அதன் 34ஆம் பிரிவு சொன்னது.

ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. அது எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. முடிந்த இடத்தில் இருவர் சேர்ந்து தூக்குங்கள். தள்ளுவண்டி கேளுங்கள். ஒருவர் தனியாகக் கேட்டால் மேஸ்திரி கேட்க மாட்டார். எல்லோரும் சேர்ந்து கேட்டால் கேட்பார்.

நாற்று நடும் பெண்கள் பாரம் தூக்குவதில்லை. ஆனால் பல மணி நேரம் குனிந்தே இருக்கிறார்கள். மேல் உடம்பின் எடையே அவர்களுக்குப் பாரம். ஒரு வரிசை முடிந்ததும் நிமிருங்கள். இடுப்பில் கை வைத்துப் பின்பக்கம் மெதுவாகச் சாயுங்கள். இது சோம்பல் அல்ல. டிஸ்க்குக்குக் கொடுக்கும் ஓய்வு.

முதுகு பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? பெரும்பாலான முதுகுவலி சில வாரங்களில் குறைந்துவிடும். நாள் கணக்கில் படுத்தே கிடக்க வேண்டாம். முடிந்த அளவு நடமாடுவது நல்லது. பாரம் தூக்குவதை மட்டும் நிறுத்திவையுங்கள்.

ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்:

• கால் வலுவிழந்து துவண்டு போவது.
• தொடை இடுக்கில் உணர்ச்சி மரத்துப் போவது.
• சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, அல்லது சிறுநீர் வராமல் நிற்பது.
• உயரத்திலிருந்து விழுந்த பிறகு வரும் முதுகுவலி.

விழுந்தவரைக் கண்டபடி தூக்கி உட்கார வைக்காதீர்கள். உள்ளே தண்டுவடம் இருக்கிறது. அசைத்தால் அது அறுபடலாம். ஆபத்து இல்லாத இடமாக இருந்தால் அவரை அப்படியே படுக்க விடுங்கள். 108 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் பலர் சேர்ந்து பலகையில் தூக்குங்கள். தலை, கழுத்து, முதுகு ஒரே நேராக இருக்கட்டும்.

புதிய சொற்கள்

மூட்டு – எலும்பும் எலும்பும் சேரும் இடம்
தசைநாண் – தசையை எலும்போடு கட்டும் நார்
தண்டுவடம் – முதுகெலும்புக்குள் ஓடும் நரம்பு வடம்
சிறுமூளை – அசைவைத் திருத்தும் மூளைப் பகுதி
டிஸ்க் – முதுகெலும்புகளின் நடுவே உள்ள தட்டு

விடை எழுதுங்கள்

1. தசைக்கு இழுக்கத் தெரியும். மடக்கிய கை எப்படி நீள்கிறது?
2. தொழுநோயில் விரல்கள் குறைவது ஏன்?
3. 10 கிலோ பாரம் முதுகெலும்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. முதுகுத் தசை எவ்வளவு இழுக்க வேண்டும்?
4. ஜெய்ப்பூர் காலை அணிந்தவர் என்னென்ன வேலை செய்யலாம்?

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் அதிகப் பாரம் தூக்கும் வேலைகள் எவை? அதில் யாருக்கெல்லாம் முதுகுவலி இருக்கிறது? ஒரு பட்டியல் எழுதுங்கள். வேலை இடத்தில் எதை மாற்றலாம்? தண்ணீர்க் குழாயை வீட்டுப் பக்கம் கொண்டு வர முடியுமா? மூட்டையை வைக்க இடுப்பு உயரத்தில் ஒரு மேடை கட்ட முடியுமா? பேசி முடிவு செய்யுங்கள். முடிவை மனுவாக எழுதுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.